அஞ்சுக்கு நாலு

பெண் பார்த்துவிட்டுப் போன நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஹயக்ரீவன் லால்குடியிலிருந்து போன் செய்தான். கூடத்தில் நின்று பேச ஆரம்பித்த ப்ரியம்வதா, அவன் குரல் தணிந்ததும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பெரியவா பேசிண்டதுக்காக இல்லாம, நீங்களா சொல்லுங்கோ. உங்களுக்கு இஷ்டமா?"

இஷ்டம்தான் என்றாள். பதில் இல்லை. கொஞ்சம் உரக்க இன்னொரு தடவை சொன்னாள். சற்றுப் பொறுத்து, "புரியறது" என்று மெல்லச் சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

அந்தக் குரலில் ஏன் சந்தோஷமே இல்லை என்று அவள் குழம்பிக்கொண்டிருக்கும்போதே அம்மா வேதவதி வந்து நின்றாள். பிள்ளையின் அப்பா கூப்பிட்டாராம். பெண் வாயே திறக்கவில்லையாம், கட்டாயப்படுத்த வேண்டாம், இத்தோடு விட்டுவிடலாம் என்றாராம்.

"ஊரார் போனையெல்லாம் சரி பண்றவளுக்கு, தன் போன்ல ஒரு வார்த்தை பேச வரலையாடி?"

அப்போதுதான் ப்ரியம்வதாவுக்குச் சுரீரென்றது. செல்போன் கம்பெனியில் பேச்சின் தெளிவைக் கவனிப்பதுதான் அவள் வேலை. தெற்குச் சித்திரை வீதியில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று புகார் வந்ததால், தெற்கே ஆற்றங்கரை அம்மா மண்டபம் பக்கத்து டவரின் ஆன்டெனாவை வெள்ளிக்கிழமை அவள்தான் ஆபீஸில் இருந்தபடியே சற்று நிமிர்த்தி வைத்திருந்தாள். அதன் வீச்சு இப்போது வடக்கு உத்தர வீதியில் இவள் வீட்டு உள்ளறை வரை எட்டுகிறது போலிருக்கிறது. டவரின் குரல் இங்கே வந்துவிடும். கையளவு போனின் குரல் அவ்வளவு தூரம் திரும்பிப் போக வேண்டாமா?

வாசலுக்கு ஓடி, ஆபீஸில் அன்று டியூட்டியில் இருந்த டோரதியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, ஆன்டெனாவைப் பழையபடி தாழ்த்தச் சொன்னாள். டோரதி சிரித்த சிரிப்பில் காதே அடைத்தது.

"உனக்குக் கல்யாணம்னா டவர் ஏண்டி தலை குனியணும்?"

"எனக்காக மட்டும் இல்ல. இந்த வீதியில இன்னும் யார் யாரெல்லாம் ரெண்டு நாளா ஊமையா இருக்காங்களோ."

சிரிப்பு நின்றது. பத்து நிமிஷம் கொடு என்றாள் டோரதி.

வாசலிலிருந்தே அவனிடம் பேசியிருக்கலாம். ஆனால் அங்கே அப்பா சாய்வு நாற்காலியில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். மெசேஜில் அனுப்பவும் மனம் வரவில்லை. பத்து நிமிஷம் கழிந்ததும் அதே உள்ளறையில், அதே இடத்தில் நின்று கூப்பிட்டாள்.

"ப்ரியம்வதா பேசறேன். நீங்க கேட்டதுக்கு ரெண்டு தடவை பதில் சொன்னேன், உங்களுக்கு வந்து சேரல. தப்பு என்மேல. நான் நிமிர்த்தி வெச்ச டவர் பண்ணின வேலை." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்போ கேக்கறதா?"

"நன்னாக் கேக்கறது. பதில் என்னன்னுதான் இன்னும் தெரியல."

"இஷ்டம்தான்."

அவன் நிம்மதியாக மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது. வெட்கத்தை மறைக்க ஆபீஸ் பேச்சைத் துணைக்கு இழுத்தாள் அவள்.

"பேசி முடிச்சதும் கஸ்டமர்கிட்ட மார்க் கேக்கறது எங்க வழக்கம். இந்தக் குரலுக்கு அஞ்சுக்கு எத்தனை?"

"நாலு."

"ஒண்ணு ஏன் குறைஞ்சது?"

"அது சாயங்காலம் நேர்ல வந்து கேட்டுட்டுப் போடறேன்."

கதவைத் திறந்தாள். அம்மா நிலைப்படியிலேயே நின்றிருந்தாள். சாயங்காலம் எத்தனை பேருக்கு டிபன் பண்ண வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.