வாப்பாவுக்குச் சூட் அறைச் சாப்பாடு

வாப்பாவுக்காகத்தான் சொகுசுக் கப்பலில் பால்கனி வைத்த பெரிய சூட் அறை எடுத்தேன். சூட் அறைக்காரர்களுக்குத் தனி உணவகம் உண்டு. கேட்டால் அறைக்கே கொண்டுவருவார்கள். எதைச் சொன்னாலும், தேங்காப்பட்டணத்தில் ஆயுசு முழுக்க வள்ளத்தில் மீன்பிடித்த வாப்பாவுக்கு ஒரே கேள்விதான்.

“பச்ச மீனா, ஐஸ் மீனா?”

“எல்லாம் ஐஸ்தான் வாப்பா.”

“கடலுக்கு நடுவுல இருந்துட்டு ஐஸ் மீனா? எனக்கு வேண்டாம்.”

கோழியும் வேண்டாம், ரொட்டியும் வேண்டாம். காலையிலிருந்து பட்டினி. எவ்வளவு நேரம்தான் மல்லுக்கட்டுவது? “எப்படியோ போங்க!” என்று கத்திவிட்டு, எனக்கு மட்டும் பிரியாணி சொல்ல போனை எடுத்தேன்.

பால்கனியில் வாப்பா, பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த தூண்டிலைக் கடலுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.

“மக்களே, அடுப்பு கெடைக்குமான்னும் கேளு.”