தும்பு நீக்கிய கிழங்கு

கட்டுகஸ்தோட்டையில் மருந்துச்சரக்குக் கடை வைத்திருந்த மர்சூக் முதலாளிக்குச் சாத்தாவாரியின் மேல், அதாவது தண்ணீர்விட்டான் கிழங்கின் மேல், ஒரு பகை. கொடியெங்கும் வளைந்த முள், ஊசி ஊசியாய் இலை. தோண்டினால் கொத்தாக விரல் பருமனில் கிழங்கு, ஒவ்வொன்றின் நடுவிலும் நாராய் ஒரு முரட்டுத் தும்பு. முள்ளையும் தும்பையும் கிழங்கு விலைக்கு வாங்க அவருக்கென்ன பைத்தியமா?

“இந்தா அழகம்மா, இதெல்லாம் என் தராசுல ஏறக்கூடாது. தோலைச் சீவி, தும்பை உருவி, நறுக்கிக் கொண்டு வா.”

“அவ்வளவையும் கழிச்சா எனக்கு என்னங்க முதலாளி மிஞ்சும்?” என்றாள் தோட்டத்திலிருந்து கிழங்கு சுமந்து வரும் அழகம்மா.

“கை மிஞ்சும்.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த சந்தைக்கு அவள் சீவியே கொண்டுவந்தாள்.

அது இருபத்தொன்பதாம் வருஷக் கோடை. மர்சூக்கின் மகள் றமீலாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தது. பால் ஊறவில்லை, பிள்ளை கத்திக் கத்திக் குரல் கம்மிப்போனது.

“பால் சுரக்கன்னு ஊருக்கெல்லாம் சாத்தாவாரி விக்கிறீங்க, ஊட்டுக்குத்தான் இல்ல,” என்று மனைவி ருக்கியா குத்தினாள்.

ஊருக்குக் கண்ணை மூடி அள்ளிப் போடுகிறவர், மகளுக்கென்று ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினார். தும்பு உருவிய துண்டுகள் துளை விழுந்து சுருங்கிக் கிடந்தன, ஒதுக்கினார். இடையிடையே துளையே இல்லாமல், வெள்ளை வெளேரென்று மாவுப்பற்றுள்ள துண்டுகள். முதல் தரம்! அவற்றையே எடுத்தார். ருக்கியா அரைத்துப் பாலில் காய்ச்சிக் கொடுத்தாள்.

அன்று பின்னேரமே றமீலாவுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும். ஓடிவந்த நாட்டு வைத்தியர் மிச்சத் துண்டை நகத்தால் கீறிப் பார்த்தார்.

“இதுல தும்பு இருந்த தடமே இல்லையே முதலாளி. கார்த்திகைக் கிழங்கு, நஞ்சு. ரெண்டு கொடியும் ஒரே வேலியில பின்னி வளரும். கோடையில இதோட கொடி செத்துப்போகும், கிழங்கு மட்டும் மண்ணுல கிடக்கும், தோண்டுறவங்களுக்கே தெரியாம சேர்ந்து வந்துடும். முள்ளுக் காம்போட வாங்கியிருந்தா நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு றமீலாவின் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்தார்கள். பிள்ளைக்கு ஆட்டுப்பால்.

மறுபடி கடை திறந்த அன்று அழகம்மா வந்தாள். அவளுக்குச் செய்தி எட்டியிருக்கவில்லை.

“பாருங்க முதலாளி, மருந்துக்குக்கூடத் தும்பு கிடையாது,” என்று சாக்கை விரித்தாள்.

அவளைக் கிழித்துப் போடும் சொல்லெல்லாம் மர்சூக்கின் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கினார். முழு விலையையும் அவள் கையில் வைத்துவிட்டு, சாக்கைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தார்.

“இனி முள்ளோட, காம்போட கொண்டு வா.”

“எடை ஏறுமேங்க?”

“ஏறட்டும்.”

இதுவும் பேரத்தில் ஒரு புது வகையாக்கும் என்று நினைத்து, அடுத்து அவர் எதைக் குறைக்கப் போகிறார் என்று, அழகம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.