கொட்டாவியில் செத்தவன்

என் தொடர் ஆரம்பிக்கிற நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டினால் எனக்குச் சந்தேகம் வராதா?

"காலாற நடந்துட்டு வரேன்" என்பார். மூட்டுவலிக்காரருக்கு என்ன நடை? அதுவும் தலையை வழித்து வாரிக்கொண்டு.

சந்தேகப்படுவது என் தொழில். டிவி வந்த புதிதில் மேடை நாடகக்காரர்களைக் கேமரா முன்னால் நிறுத்திக் கத்தவிட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் பேசுகிற மாதிரி பேசட்டும் என்று நிலையத்தில் மல்லுக்கட்டி, முதல் தொடரை எழுதியவள் நான். டம்ளர் பிடித்த கை நடுங்கினால் பின்னால் ஏதோ இருக்கிறது என்று ஜனங்களைப் பழக்கியதும் நான்தான். என் கதையில் யாரும் சும்மா இருமக்கூட மாட்டார்கள்.

அந்த முதல் தொடரிலிருந்தே எனக்கு ஒரு வழக்கம். டிவியைப் பார்க்க மாட்டேன். பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர் முகத்தைப் பார்ப்பேன். பஸ் டிப்போவில் வேலை பார்த்த மனுஷன், கதை கிதை ஒன்றும் தெரியாது. அவர் சிரித்தால் அந்தக் கதாபாத்திரத்துக்கு இன்னும் நாலு காட்சி. காதைச் சொறிந்தால் வசனம் பாதியாகிவிடும். அந்த முகம் இல்லாமல் எனக்கு எழுத வராது. இப்போது அந்த முகம்தான் தினமும் வாசலைத் தாண்டிப் போகிறது.

தங்கைக்குப் போன் போட்டேன்.

"மாமாவா? இந்த வயசுலயா? நீ எழுதுறதையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டு வராதக்கா" என்று சிரித்தாள். அவள் சிரித்த விதத்திலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

மறுநாள் பின்னாலேயே போனேன். மருந்துக்கடையைத் தாண்டித் தையல்கடைக்குள் நுழைந்தார். கடைக்காரி தனியாள், ஆள் பார்க்க வாட்டசாட்டமாக இருப்பாள். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அவளும் இரண்டு பெண்களும் மிஷினில் குனிந்திருக்க, இவர் துணிமூட்டை மேல் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஓடியது என் தொடர்.

நான் அழ வைக்க எழுதிய இடத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாமியார் பேசும்போது வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார். வேலைக்காரி தட்டு கழுவுகிற காட்சி, நேரத்தை நிரப்ப எழுதியது, அதற்குப் போய்க் கண்ணைத் துடைத்தார். இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. இன்னொருத்தி இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எத்தனை நாளா என்கிட்ட நடிக்கிறீங்க?"

அவர் நிதானமாகச் செருப்பைக் கழற்றினார். "உன் ரெண்டாவது தொடர்ல ஒரு தம்பி வருவான்ல? அவன் பேசுறப்ப நான் கொட்டாவி விட்டேன். முந்தின ராத்திரி சரியாத் தூங்கல, அவ்வளவுதான். அடுத்த வாரமே அவன லாரி ஏத்திக் கொன்னுட்ட."

"கதைக்குத் தேவைப்பட்டுச்சு."

"அதுல நடிச்ச பையன் கண்டக்டர் வேலை கேட்டு டிப்போ வாசல்ல வந்து நின்னான். 'எதுக்கு சார் என்னைக் கொன்னாங்க?'ன்னு என்கிட்டயே கேக்குறான். நான் என்ன சொல்ல? அன்னையிலேர்ந்து உன் தொடர்ல யார் வந்தாலும் சிரிச்சு வெக்கிறேன். இப்ப வயசாச்சு, மூஞ்சி வலிக்குது. நிம்மதியா ஒரு நாடகம் பாக்கணும்னு எனக்கும் இருக்காதா?"

இத்தனை வருஷம் நான் நம்பி எழுதியதெல்லாம் இவர் பரிதாபப்பட்டுச் சிரித்த சிரிப்பையா? எது நிஜம், எது பொய் என்று கேட்கலாம். அதற்கும் ஒரு முகம் வைத்திருப்பாரே!

மறுநாள் செருப்பை எடுக்கப் போனவரைத் தடுத்தேன். "வீட்டுலயே பாருங்க. நான் உங்க பக்கமே திரும்பல."

நாற்காலியை அவர் பக்கத்தில், டிவிக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன். என் தொடரை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மாமியார் பேச ஆரம்பித்தாள். பேசினாள். பேசிக்கொண்டே இருந்தாள். என்னையும் மீறி எனக்குப் பெரிய கொட்டாவி ஒன்று வந்தது.

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினேன். அவர் டிவியைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்மா" என்றார். "அந்தம்மாவுக்கு ரெண்டு புள்ளைங்க படிக்குதுங்க."