சிங்கிள் சீட் பி.எஸ்.ஏ.

கலகெதரவிலிருந்து ஜெயராஜ் ஒரு பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய அன்று, மஹய்யாவ ஒழுங்கையில் கூடி நின்றவர்கள் கண்ணில் முதலில் பட்டது கோழி எச்சம்தான். யாரோ ஒருவருடைய வீட்டுப் பின்பக்கத்தில் வருஷக்கணக்காகக் கிடந்த வண்டி அது. அந்த வீட்டுக் கோழிகளெல்லாம் அதன் பெற்றோல் டாங்கியில் ஏறித்தான் தூங்கியிருக்க வேண்டும்.

“வண்டி மட்டுந்தானா, இல்ல கோழியும் பின்னால வருதா?” என்று கேட்டாள் அவன் மனைவி சஞ்சீவனி.

“சிரி, நல்லா சிரி. முடிச்சப்பறம் பாரு. கண்டி டவுன்லயே இப்பிடி ஒரு பைக் இருக்காது.”

“இப்பவே இல்லதாங்க.”

ஜெயராஜுக்கு டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. மூக்குக் கண்ணாடியின் கடுகளவு ஆணியைக் கழற்றிப் பூட்டிப் பழகிய விரல்கள். மோட்டார் சைக்கிளைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் போனில் பார்த்த வீடியோக்கள்தான். கூடவே வேலை செய்யும் ரஸீனும் அதே வீடியோக்களைத்தான் பார்த்திருந்தான். ஆகவே ஒருவர் அறிவில் மற்றவருக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது.

வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டகைதான் வேர்க்ஷொப் ஆனது. மழை நாளில் சஞ்சீவனி துணி காயப்போடும் இடம் அது. வண்டியை நடுவில் நிறுத்தி, சாயாமலிருக்க இரண்டு தூண்களோடும் கட்டிவைத்தார்கள். துணிக்கொடி மட்டும் இருந்த இடத்திலேயே, வண்டிக்கு நேர் மேலே தொங்கியது. கொடியைக் கழற்றச் சொல்லும் தைரியம் ஜெயராஜுக்கு வரவில்லை.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. உள்ளே பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டதாக இருவரும் முடிவு செய்தார்கள். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் பிரேக் ஒயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டார்கள். தினமும் வேலை முடிந்து வந்ததும் ஜெயராஜ் உடுப்பு மாற்றாமலே கொட்டகைக்குப் போவான். ஸ்டார்ட் பண்ணும் கிக்கரை மிதிப்பான். அது அசையாது. சாப்பாட்டுக்கு வந்து உட்காரும்போது அவன் முகத்தைப் பார்த்தால் பரீட்சையில் தவறியவன் மாதிரி இருக்கும்.

“கெஞ்சிப் பாத்தீங்களா?” என்பாள் சஞ்சீவனி, கறியை அள்ளி வைத்தபடி.

ஒரு சனிக்கிழமை, அவன் கடைக்குப் போயிருந்த நேரம், வானம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. சாரல் கொட்டகைக்குள்ளும் அடித்தது. சஞ்சீவனி ஓடிப்போய்த் துணிகளை இழுத்தாள். கொடியின் நடுவில் கிடந்த படுக்கை விரிப்பு மட்டும் எட்டவில்லை. ஏறி நிற்க ஒரு கதிரை இல்லை. காலுக்குத் தோதாக நீட்டிக்கொண்டிருந்தது கிக்கர். அதுதான் அசையாத சாமானாயிற்றே என்று ஏறி நின்றாள்.

‘கடக்’ என்றது. படி இறங்குவது போலக் கிக்கர் அவளோடு கீழே போனது. பிளக் ஓட்டையிலிருந்து பழுப்பு ஒயில் பீச்சியடித்து, ஹவுஸ்கோட்டையும் விரிப்பையும் வீட்டுச் சுவரையும் ஒருசேர நனைத்தது.

உடைத்துவிட்டோம் என்றுதான் முதலில் பயந்தாள். கையால் மெல்ல அமுக்கிப் பார்த்தாள். கிக்கர் இறங்கியது, ஏறியது. ஓட்டை ‘புஸ்’ என்று மூச்சுவிட்டது. அப்போதுதான் விஷயம் விளங்கியது. தன் பருத்த உடம்பைப் பற்றி நாத்தனார்மார் சொல்வதையெல்லாம் நினைத்துக்கொண்டு, அந்த மழையில் தனியாக நின்று சிரித்தாள்.

சுவரைத் துடைத்தாள், எஞ்சினைத் துடைத்தாள். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தாள். அவன் இத்தனை நாளும் காலும் கையும் வலிக்க மிதித்ததை நினைத்தபோது, தானே கழற்றினேன் என்னும் சந்தோஷத்தை அவனிடமிருந்து பறிக்க மனம் வரவில்லை.

மாலையில் ரஸீன் தன் பெண்சாதியின் ஹெயார் ட்ரையரோடு வந்தான்.

“சூடு பட்டா இரும்பு விரியும், தங்கச்சி. விரிஞ்சா பிஸ்டன் கழரும். வீடியோவுல தெளிவாச் செல்லி ஈக்கு.”

இருவரும் மாறி மாறி எஞ்சினுக்குத் தலை காயவைத்தார்கள். பிறகு ஜெயராஜ் சாரத்தை மடித்துக் கட்டி, பல்லைக் கடித்து, முழு பலத்தோடு கிக்கர் மேல் பாய்ந்தான். அது வெண்ணெய் மாதிரி இறங்கியது. ஜெயராஜ் ரஸீன் மேல் விழ, ரஸீன் பெயின்ட் டின்கள் மேல் விழுந்தான்.

“கழண்டிருச்சு! சஞ்சீ, கழண்டிருச்சு!”

சஞ்சீவனி வாயைத் துவாயால் பொத்திக்கொண்டு, “பெரிய விஷயம்ங்க” என்றாள்.

அன்றிரவே ஹுன்னஸ்கிரியவிலிருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னான். கடையில் கண் பரிசோதனைக்கு வந்தவர்களுக்கும் சொன்னான். சொல்லச் சொல்ல எஞ்சின் இன்னும் இறுகியது. அவன் மிதியும் பலமானது.

வண்டியைப் பிரித்து முடித்ததும் வெறும் சட்டத்தை மேசையில் ஏற்றினார்கள். பின்பக்கத்தை வெட்டி, குட்டையாக்கி, பழைய ரேஸ் வண்டி மாதிரி செய்வதுதான் திட்டம். ஜெயராஜ் கண்ணாடி அளப்பதைப் போல ஒரு கண்ணை மூடி அளந்து, சோக்கால் கோடு போட்டான். ரஸீன் இரும்பு வெட்டும் இரவல் கிரைண்டரைக் கையில் எடுத்தான்.

தேத்தண்ணி கொண்டுவந்த சஞ்சீவனி கோட்டைப் பார்த்தாள்.

“இதுக்குப் பின்னால ஒண்ணும் இருக்காதா?”

“இருக்காது. சிங்கிள் சீட்.”

“அப்ப நான் எங்க ஒக்காருறது?”

ஜெயராஜ் ரஸீனைப் பார்த்தான். ரஸீன் கிரைண்டரைப் பார்த்தான்.

“ஸ்டைலே அப்பிடித்தான் தங்கச்சி,” என்றான் ரஸீன், சத்தத்தைக் குறைத்து.

“நல்லாருக்கு நியாயம். எஞ்சினைக் கழட்டிவிட நான் வேணும், ஏறிப்போக மட்டும் வேணாமா?”

“நீ எப்ப கழட்டின?”

அவள் சொன்னாள். மழை, விரிப்பு, கிக்கர், ‘கடக்.’ ஜெயராஜ் நம்பவில்லை. சும்மா கதை விடாதே என்று சிரித்தான்.

“கதையா? ஓட்டையால ஒயில் பீச்சியடிச்சு என் ஹவுஸ்கோட்டே நாசமாப் போச்சு.”

ஜெயராஜின் சிரிப்பு அப்படியே நின்றது.

“மச்சான்,” என்றான் மெதுவாக. “அன்னைக்கு நான் மிதிச்சப்ப ஒரு சொட்டு ஒயில் வெளிய வரல்ல.”

“ஏன் வரல்லன்னு நானும் யோசிச்சேன்,” என்றான் ரஸீன். “நீ சந்தோஷமா ஈந்த. அதான் கேக்கல்ல.”

“ஏன் சஞ்சீ அப்பவே சொல்லல?”

“சொல்லியிருந்தா அண்ணனுக்கு எப்பிடிப் போன் போட்டிருப்பீங்க?”

அவன் காது சிவந்தது. கோபமா வெட்கமா என்று சஞ்சீவனி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் தோள் குலுங்கத் தொடங்கியது. ரஸீனும் சேர்ந்துகொண்டான். சிரித்து முடித்ததும் ஜெயராஜ் ஈரத்துணியால் சோக்குக் கோட்டை அழித்தான்.

“ஏறி ஒக்காரு. எவ்வளவு எடம் வேணும்னு பாப்போம்.”

சட்டத்தை மேசையிலிருந்து இறக்கி இருவரும் பிடித்துக்கொள்ள, அவள் ஏறி உட்கார்ந்தாள். ஜெயராஜ் அவளுக்குப் பின்னால் சோக்கை வைத்தான்.

“இன்னும் கொஞ்சம் பின்னால போங்க. வெக்கப்படாம போடுங்க.”

கிரைண்டர் அலறியது. நெருப்புப் பொறி பறந்தது. வெட்டுப்பட்டு விழுந்த துண்டு ஒரு விரல் நீளம்கூட இல்லை. ரஸீன் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இவ்வளவுக்கா மச்சான் கிரைண்டர் இரவல் வாங்கின?”

“வச்சிட்டு மத்தப் பக்கத்தையும் வெட்டுடா,” என்றான் ஜெயராஜ், ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மிடறில் குடித்துவிட்டு.