வெள்ளைக் கல் எனக்கு வந்தது

மானஸ் அண்ணன் கம்பளித் தொப்பியை நீட்டியபோது வெள்ளைக் கல் எனக்குத்தான் வந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

டோனிகால் கடற்கரையில் எங்கள் துறையிலிருந்து பலகையோடு பெரிய அலையில் சறுக்கப் போகிறவர்களின் வழக்கம் இது. தலைக்கு ஒரு கூழாங்கல். ஒன்று மட்டும் வெள்ளை, மற்றவை கறுப்பு. வெள்ளையை எடுத்தவர் முதலில் போவார். போன குளிர்காலம் ஃபெர்கலுக்கு வெள்ளை வந்தபோது அவன் விலா எலும்பில் விரிசல். அப்போதுகூட யாரும் அவனை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவனேதான் போனான்.

முதலில் போகும் முறை என்பது சும்மா இல்லை. இந்தப் பாறைமேல் நல்ல அலை எழ வடமேற்கில் புயலும் கரையில் தென்கிழக்குக் காற்றும் ஒன்றுசேர வேண்டும். என் முறைக்காக மூன்று குளிர்காலமாகக் காத்திருக்கிறேன். அன்றும் மதியத்துக்குள் காற்று மேற்கே திரும்பிவிடும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். ஒருவர் போகலாம், மிஞ்சினால் இருவர்.

அந்த நேரம் பார்த்து ஃபெர்கல் பக்கத்தில் வந்தான். என் ஜோடி அவன். வாட்டர் ஸ்கூட்டரில் கயிறு கட்டி என்னை அலைக்குள் இழுத்துவிடுவான்; அவன் முறைக்கு நான் இழுப்பேன்.

"நூலா, கோச்சுக்காத. பிரைஸ் முதல்ல போகட்டும். பாவம், கலிபோர்னியாலேர்ந்து கேமராக்காரங்களோட வந்திருக்கான்."

"அவனும்தான் தொப்பியில கை விட்டான். கறுப்புதானே வந்துச்சு?"

"யாரு இல்லேன்னாங்க? நீ எப்ப வேணா போகலாம். இங்கதானே இருக்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இங்கேயே இருப்பது என் குற்றமா? மானஸ் அண்ணனைப் பார்த்தேன். தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு கடலைப் பார்த்தார். விரிசல் விட்ட விலாவுக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லையா என்று சத்தமாகவே கேட்டேன்.

"ஸ்கூட்டர் என்னோடது, ஃபெர்கல். நான் முதல்ல போறதுன்னா ஓட்டு. இல்லேன்னா அது இங்கேயே கிடக்கட்டும்."

"சரியான பிடிவாதக்காரி" என்று முணுமுணுத்தபடி ஏறினான்.

கயிற்றை விட்டதும் பலகை தடதடவென்று அடித்தது. பாறைமேல் தண்ணீர் வற்றிக்கொண்டே போக, தலைக்குமேல் அலை கவிழ்ந்தது. அதற்குள்ளேயே போய் மறுபக்கம் வெளியே வந்தேன். எவ்வளவு நேரம் உள்ளே இருந்தேன் என்று தெரியாது. ஸ்கூட்டரில் ஏறும்போது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஃபெர்கல்கூட முதுகில் தட்டினான்.

கரைக்கு வந்ததும் கேமராக்காரரிடம் படம் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டேன்.

"எடுக்கலீங்க. குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கிடுது. பிரைஸுக்காக வச்சிருக்கோம்."

பிரைஸ் பலகையோடு தண்ணீரில் இறங்குவதற்குள் காற்று மேற்கே திரும்பியது. பாறைமேல் வெறும் நுரைதான் குழம்பிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் நிறைந்த பேட்டரியோடு வண்டியில் ஏறிப் போனார்கள்.

ஃபெர்கல் கயிற்றைச் சுருட்டினான். "கொஞ்சம் விட்டுக்கொடுத்திருந்தா நம்ம ஊரு பேரு உலகம் பூரா தெரிஞ்சிருக்கும். இப்ப ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிடுச்சு."

"அப்ப நான் எந்த ஊர்க்காரிடா?" என்றேன்.