இடப்பக்கத்துக் கொடியடுப்பு

விறகடுப்பு ஒன்று வேண்டும் என்று அறிவுச்செல்வன் கேட்டபோது அயர்லாந்தில் அப்போதுதான் விடிந்திருந்தது. கச்சிராயபாளையத்தில் தைலம்மாள் மதியச் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகன் புதிதாக வாங்கிய வீட்டை போனில் ஒவ்வொரு அறையாகக் காட்டிக்கொண்டே போனான். கடைசியாகப் பின்கதவைத் திறந்தான். ஈரப் புல்லும் மரவேலியும் சாம்பல் நிற வானமும் தெரிந்தன.

"இந்த மூலையில வெச்சுக்கலாம்மா. மேல ஒரு ஷீட்டு போட்டுர்றேன். நம்மூரு அடுப்பா பாத்து சொல்லு, கொடியோட. சுட்டதா இருக்கணும். பச்ச மண்ணுன்னா ஏர்போர்ட்டுல வுட மாட்டானுங்க."

"அங்க கேஸு இல்லியாடா?"

"எல்லாந்தான் இருக்குது. இருந்தாலும் வூட்டுக்கு ஒரு அடுப்பு வேணும்மா. நீ வாங்கி வை. யாராவது இங்க வரும்போது எடுத்தாந்துடுவாங்க."

போனை வைத்த பிறகும் அவள் சாப்பிடவில்லை. அந்த அடுப்பில் யார் சமைப்பார்கள் என்று யோசித்தாள். மருமகள் கலையரசி பிறந்ததிலிருந்து கேஸ் அடுப்பில் வளர்ந்தவள். ஊதுகுழலை வாயில் வைத்தால் ஊதுவதா உறிஞ்சுவதா என்று கேட்பாள். அறிவுக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அவ்வளவுதான். அப்படியென்றால் அந்த மூலையில் உட்கார ஒரே ஒரு ஆள்தான் மிச்சம்.

அவன் 'வா' என்று சொல்லவில்லை. ஆனால் அவன் அப்பா நாராயணசாமியும் எதையும் நேராகக் கேட்டதில்லை. காபி வேண்டுமென்றால் "பால்காரன் வந்துட்டுப் போயிட்டானா?" என்பார். உடம்புக்கு முடியாமல் கிடந்த கடைசி நாட்களில்கூட, பக்கத்தில் வந்து உட்கார் என்று சொல்லாமல், "இந்த ஃபேனு ஏன் சத்தம் போடுது பாரு" என்றுதான் கூப்பிட்டார். அவருடைய மகன் 'அடுப்பு வேணும்' என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று தனக்குத் தெரியாதா என்று அவள் நினைத்துக்கொண்டாள். யாராவது வரும்போது என்று அவன் சொன்னதும் காதில் விழுந்துதான் இருந்தது. அதை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

மறுநாள் டவுன் பஸ் பிடித்து மலையடிவாரத்துக்குப் போனாள். ஆயம்மாளின் சூளைக் கொட்டகை ரோட்டோரத்திலேயே இருந்தது. வாசலில் அடுப்புகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. எல்லாம் ஒரே மாதிரி: முன்னால் விறகு வைக்கும் வாய், மேலே சோற்றுப் பானைக்குப் பெரிய குழி, வலப்பக்கத்தில் ஒட்டிப் பிறந்த பிள்ளைபோலக் கொடியடுப்பு. பெரிய அடுப்பின் தீ உள்வழியாகப் போய் அதையும் சூடாக்கும். சோறு இங்கே கொதிக்கும்போது குழம்பு அங்கே கொதிக்கும்.

"வாங்கம்மா. இன்னா, கேஸு வெல ஏறிப்போச்சுன்னு வந்தீங்களா?" என்றாள் ஆயம்மாள்.

"எனக்குச் சொல்லி செய்யணும் ஆயம்மா. கொடி இந்தப் பக்கம் வரணும்." தைலம்மாள் இடது கையை நீட்டிக் காட்டினாள்.

ஆயம்மாள் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அட, பீச்சாங்கைக்காரியா நீங்க? இம்மா வருஷமா வாங்கிக்கினு போறீங்க, ஒரு நாளும் சொல்லலியே?"

சொல்லக்கூடிய விஷயமாக அது எப்போதும் இருந்ததில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், குழம்பு கிண்டிக்கொண்டிருந்த இடது கையில் மாமியார் சூடான கரண்டிக்காம்பை வைத்தாள். கோபத்தில்கூட இல்லை. சோற்றுக்குப் போகிற கை எது, கழுவப் போகிற கை எது என்று கற்றுக்கொடுக்கிற பொறுமையோடுதான் வைத்தாள். தைலம்மாள் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். வலது கையால் கிண்டினாள், வலது கையால் பரிமாறினாள். அவளுக்குள் ஒருத்தி மட்டும் கொடி எப்போதும் கைக்கு எட்டாத பக்கத்தில் இருக்கிற அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அதை யாரும் பார்க்கவில்லை. பிள்ளைக்கும் தெரியாது.

"குந்திக் காட்டுங்க. ஒசரம் பாக்கணும்" என்றாள் ஆயம்மாள்.

தைலம்மாள் மணையில் உட்கார்ந்து, இல்லாத அடுப்பின் முன்னால் இடது கையை நீட்டினாள். ஆயம்மாள் முழங்கை வரைக்கும் சாண் போட்டு அளந்தாள். அளந்த இடமெல்லாம் களிமண் ஒட்டியது.

"யாருக்கு, உங்க வூட்டுக்கா?"

"மவன் வூட்டுக்கு. அயர்லாந்து. நான் அங்க போறேன். எனக்குத்தான்."

சொன்ன பிறகுதான், அதை முதன்முதலாகச் சொல்கிறோம் என்பது தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. வாயிலிருந்து வெளியே வந்ததும் அது நடந்துவிட்ட காரியம்போல ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் நடந்துகொண்டதெல்லாம் அந்த வார்த்தைக்குப் பின்னாலேயே போனதுதான். கோழிகளைப் பாப்பாத்தி வீட்டில் விட்டாள். கள்ளக்குறிச்சிக்குப் போய் மெரூன் கலரில் ஒரு ஸ்வெட்டர் எடுத்தாள். "ஏற்காடாம்மா, ஊட்டியா?" என்று கடைக்காரன் கேட்டதற்கு, "அதுக்கும் மேல" என்றாள். குத்தகைக்கு விட்டிருந்த நிலத்தைப் பார்க்கும் வீரமணி, இந்தத் தடவை கரும்பை மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு அனுப்பும்போது வந்து நிற்கிறீர்களா என்று கேட்டபோது, "அப்ப நான் இருக்க மாட்டேன்னு நெனைக்கிறேன்" என்றாள். வீரமணி பதறிப்போனான். "இன்னா பெரியம்மா, ஒடம்புக்கு இன்னா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்து வெகுகாலமாகியிருந்தது.

அடுப்பு வந்து சேர்ந்தது. அதைக் கூடத்தில் வைத்துத் துணி போட்டு மூடினாள். போகிறபோதும் வருகிறபோதும் துணியைத் தூக்கிப் பார்த்தாள். அறிவிடம் "அடுப்பு வந்துட்டுதுப்பா" என்றாள். "சூப்பர்மா. வந்து எடுத்துக்கச் சொல்றேன்" என்றான். யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வரும் என்பதால்தான் கேட்கவில்லையோ என்று பின்னால் நினைத்துப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் வந்து நின்றது. கலையரசியின் அம்மா செந்தமிழ்ச்செல்வி இறங்கினாள். களமருதூரிலிருந்து வாடகைக் கார் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கையில் பழமும் பூவும்.

"இன்னா சம்பந்தி, எளச்சிட்டீங்களே! ஒரு வாய் தண்ணி குடுங்க மொதல்ல. உளுந்தூர்பேட்டையிலேர்ந்து ரோட்டு முழுக்கக் கரும்பு டிராக்டருதான், தாண்ட முடியல."

தண்ணீரைக் குடித்துவிட்டு, கூடத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அடுப்பு எங்க? மாப்பிள்ளை வாங்கி வெச்சிருக்கீங்கன்னு சொன்னாரு. வர்ற புதன்கெழம கெளம்பறேன். பேக் பண்ணணும்ல?"

தைலம்மாள் செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களா போறீங்க?"

"பின்ன? அவளுக்கு அஞ்சாம் மாசம் ஆவுதே. வாயக் கட்டி வெச்ச மாதிரி ஒண்ணும் எறங்கலயாம். வெறகடுப்புல வெச்ச கொழம்பு வேணும்னு ஒரே அழுக..." செந்தமிழ்ச்செல்வி நிறுத்திவிட்டாள். சம்பந்தியின் முகத்தைப் பார்த்தாள். "மாப்பிள்ளை சொல்லலியா உங்களுக்கு?"

"சொன்னான், சொன்னான்" என்றாள் தைலம்மாள்.

"கண்ணு பட்டுடும்னு யாருக்கும் சொல்ல வேணான்னாங்க. உங்களுக்குச் சொல்லாம இருப்பாங்களா?"

தலைப் பிரசவத்துக்குப் பெண்ணைப் பெற்றவள்தான் போவாள். ஊர் உலகத்து வழக்கம். தைலம்மாள் தெரியாதவள் இல்லை. அறிவு பிறந்தபோது அவளுடைய அம்மாதான் வந்து பத்தியம் போட்டாள். இதில் யார் மீதும் வருத்தப்பட இடமில்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. யாராவது தப்புச் செய்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது நின்றிருக்கலாம்.

செந்தமிழ்ச்செல்வி துணியை விலக்கி அடுப்பின் முன்னால் குந்தினாள். கரண்டி பிடிப்பதுபோல வலது கையை நீட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை. திரும்பி இடப்பக்கம் பார்த்தாள்.

"இன்னா இது, கொடி இந்தப் பக்கம் கீது?"

"செஞ்சவ மாத்திப் பண்ணிட்டா போலிருக்குது" என்றாள் தைலம்மாள்.

"நல்ல கூத்து! வாங்க சம்பந்தி, கார்லயே தூக்கிப் போட்டுக்கினு போயி மாத்திக்கினு வந்துடலாம். சும்மா வுடக் கூடாது இவங்கள."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினாள். கிடைக்கவில்லை. டிரைவர் அடுப்பைத் தூக்கி டிக்கியில் வைத்தான். வழி முழுக்கச் செந்தமிழ்ச்செல்வி, ஏர்போர்ட்டில் எதையெல்லாம் விடுவார்கள், எதையெல்லாம் விட மாட்டார்கள் என்று பேசிக்கொண்டே வந்தாள். கல்வராயன் மலை கண்ணாடி வழியாகக் கிட்டே வந்துகொண்டிருந்தது. தைலம்மாள் மடியில் கிடந்த இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, இப்படி மாத்தி செஞ்சு வெச்சிருக்கறே?" காரிலிருந்து இறங்கும்போதே செந்தமிழ்ச்செல்வி ஆரம்பித்தாள். "கொடிய இடிச்சு அந்தப் பக்கம் ஒட்டிக் குடு."

"ஒட்டறதா? சுட்ட மண்ணும் பச்ச மண்ணும் எங்கனா ஒட்டுமா?" ஆயம்மாளுக்குச் சுருக்கென்றது. "மாத்தி செஞ்சனா? நான் இன்னாத்துக்கு மாத்தி செய்யறேன்? இந்தம்மாதான் வந்து குந்தினு, பீச்சாங்கைய நீட்டி, அளவு குடுத்தாங்க. நான் போறேன், எனக்குத்தான்னாங்க. கேளுங்க அவங்களயே!"

யாரும் கேட்கவில்லை. சூளையின் பக்கத்தில் காய வைத்திருந்த சட்டிகள்மேல் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. ஆயம்மாள் அதை விரட்டப் போனாள். போன பிறகு திரும்பி வர அவளுக்கு நேரமாயிற்று.

"அப்படியா சம்பந்தி" என்றாள் செந்தமிழ்ச்செல்வி. கேள்வியாக இல்லை. குரல் மிருதுவாகிவிட்டிருந்தது. அந்த மிருதுவைத்தான் தைலம்மாளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

செந்தமிழ்ச்செல்வி வரிசையில் இருந்த அடுப்புகளை விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்து, வலப்பக்கக் கொடியோடு ஒன்றை எடுத்துக்கொண்டாள். அதற்குச் சொல்லிவைக்க வேண்டியதில்லை. எப்போதும் இருப்பதுதான்.

"இத நீயே வெச்சுக்கறியா ஆயம்மா?" என்று தைலம்மாள் தன்னுடைய அடுப்பைக் காட்டிக் கேட்டாள்.

"வெச்சுக்கினு? இத எவ வாங்குவா?" என்றாள் ஆயம்மாள். சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். "எடுத்துக்கினு போங்கம்மா. உங்க கைக்குச் செஞ்சது" என்றாள்.

இரண்டு அடுப்புகளும் ஒரே டிக்கியில் வந்தன. வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது செந்தமிழ்ச்செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொழந்த பொறக்கட்டும் சம்பந்தி. ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போங்க. நான் மாப்பிள்ளைகிட்ட சொல்றேன்."

'பாத்துட்டுப் போங்க.' தைலம்மாள் தலையை ஆட்டினாள். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. பாப்பாத்தி வீட்டு வாசலில் அவளுடைய கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் போனில் அறிவு பேசினான். "அத்த சொன்னாங்கம்மா, வேற நல்ல அடுப்பா மாத்திக் குடுத்துட்டியாமே. தேங்க்ஸ்மா." அவள் "உம்" என்றாள். கலையரசியின் வாந்தியைப் பற்றிக் கேட்டாள். சுக்கைத் தட்டிப்போட்டு வெந்நீர் கொடுக்கச் சொன்னாள். அவன் தன்னிடம் மறைத்ததைப் பற்றிக் கேட்கவில்லை. அவன் மறைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை என்று பதில் வந்தால் என்ன செய்வது?

போனை வைத்ததும் அடுப்பை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நான்கு செங்கல் போட்டு அதன்மேல் ஏற்றினாள். வீரமணி போட்டுவிட்டுப் போன காய்ந்த கரும்புச் சோகையைத் திணித்துப் பற்றவைத்தாள். பெரிய குழியில் சோற்றுக்கு உலை வைத்து அரிசி போட்டாள். கொடியில் புளிக்குழம்பைக் கூட்டி வைத்தாள். மணை போட்டு உட்கார்ந்தாள். உயரம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

குழம்பு கொதித்தது. கை கரண்டியை எடுத்தது. வலது கை.

அது சோற்றுப் பானைக்கு மேலாகக் குறுக்கே போயிற்று. ஆவி முழங்கையில் அடித்ததும் இழுத்துக்கொண்டாள். கரண்டியை இடது கைக்கு மாற்றினாள். விரல்கள் காம்பைப் பிடித்தன, ஆனால் கிண்டத் தெரியவில்லை. கரண்டி சட்டியின் விளிம்பில் இடித்தது. குழம்பு வழிந்து சூடான மண்ணில் பொரிந்தது. மறுபடி முயன்றாள். குடம் தூக்கத் தெரிந்த கை, கழுவத் தெரிந்த கை, ஒரு சின்னப் பெண்ணின் கைபோல நடுங்கியது. இல்லை, சின்னப் பெண்ணாக இருந்தபோது அது நடுங்கியதே இல்லை. இத்தனை காலமும் உள்ளே உட்கார்ந்திருந்தாளே ஒருத்தி, அவள் எப்போது எழுந்து போனாள் என்று தைலம்மாளுக்குத் தெரியவில்லை.

மணையைத் தூக்கிக்கொண்டு அடுப்பின் பின்பக்கம் போய் உட்கார்ந்தாள். இப்போது கொடி அவளுடைய வலப்பக்கம் வந்தது. வலது கை தன் போக்கில் குழம்பைக் கிண்டியது. ஆனால் விறகு வைக்கும் வாய் அந்தப்பக்கம் போய்விட்டது. புகை நேராக முகத்துக்கு வந்தது. சோகை எரிந்து அடங்கிக்கொண்டிருந்தது. அரிசி பாதிதான் வெந்திருந்தது. விறகைத் தள்ளிவிட எதிர்ப்பக்கம் இன்னொரு ஆள் வேண்டும்.

அவள் கரண்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கொதி நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகும் கிண்டிக்கொண்டிருந்தாள்.