கறுப்புக் கரைக்குள் ஒரு கிட்டார்காரன்

புதன்கிழமை காலையில் பத்திரிகை வெளியானது; மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் கிட்டார்காரன் கட்டோங்கோவின் உடம்பு குளிர்ந்துவிட்டது. ஆள் சாகவில்லை. பேசினான், நடந்தான், வெயிலில் போய் உட்கார்ந்தும் பார்த்தான். ஆனால் விரல்கள் பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்றிருந்தன, தந்தியை எவ்வளவு அழுத்தி இழுத்தாலும் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. செம்பு விலை சரிந்துகொண்டிருந்த வருடம் அது. செம்புச் சுரங்க ஊரான கிட்வேக்குக் கவலைப்பட வேறு விஷயங்கள் இருந்ததால் யாரும் பெரிதாகப் பதறவில்லை. என்ன வியாதி என்று கேட்டு ஆஸ்பத்திரிக்கு அலையவும் தேவைப்படவில்லை. பத்திரிகையின் அட்டையைப் பார்த்தாலே தெரிந்தது.

பத்திரிகையின் பெயர் வோல்டேஜ். ராக் பாட்டுக்கென்று, இளசுகளுக்கென்று, செம்புச் சுரங்க வட்டாரத்தில் முதல்முதலாக வந்த பத்திரிகை. அதை நடத்த முன்வந்தவர் அச்சக முதலாளி லாசரஸ் சிட்டம்பாலா. பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ‘பா’ சேர்த்து, பா சிட்டம்பாலா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். சேர்க்காதவர்களுக்கு அவர் செவிடர். ஞானப்பாட்டுப் புத்தகம், தேவாலயக் காலண்டர் எல்லாம் அவரிடம் அடிப்பார்கள் என்றாலும், அவருடைய அச்சகம் பேர்போனது இறுதிச் சடங்கின் நிகழ்ச்சிநிரல் தாளுக்குத்தான். சுற்றுவட்டாரத்தில் கௌரவமாகச் சாக நினைத்தவர்கள் எல்லோரும் அவர் கைப்பட்டே போனார்கள்: கட்டை விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை, நடுவே முட்டை வடிவச் சட்டத்தில் படம், நாலு மூலைக்கும் லில்லிப்பூ. வேறு எதையும் அழகு என்று அவர் ஒத்துக்கொண்டதில்லை.

இளைஞர்களுக்கு என்ன பிடிக்கும் என்று கண்டுபிடிக்க அவர் ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், போதகர் ஒருவர், சுரங்க நல அலுவலகத்தின் முன்னாள் குமாஸ்தா ஒருவர். மூன்று தலையையும் சேர்த்தால் ஒரு தலைக்கான முடி தேறாது. குழுவின் முன்னால் தன் அட்டையைக் கொண்டுவந்து வைத்தவள் கலூபா. படங்களையும் எழுத்துகளையும் வெட்டி, ரப்பர் பசை தடவி, பக்கம் பக்கமாக ஒட்டி அமைக்கிறவள் அவள்தான். பெல்பாட்டம் கால்சட்டையும் உயரச் செருப்பும் போட்டுக்கொண்டு அச்சகத்துக்கு வருகிற ஒரே ஆளும் அவள்தான். ஞாயிறு மத்தியான நடனங்களில் கட்டோங்கோவின் ‘நைட் ஷிஃப்ட்’ குழு வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குள் ஏறியிருந்ததெல்லாம் அந்த அட்டையில் இருந்தது. எழுத்துகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஓடின.

“என்னம்மா இது, எழுத்தெல்லாம் சாஞ்சு கிடக்கு? குடிச்சிட்டு ஒட்டினியா?” என்றார் தலைமையாசிரியர்.

“அது பாட்டுங்க ஐயா. பாட்டு நேரா நிக்காது.”

“எங்க காலத்துல நின்னுச்சே.”

குமாஸ்தா, இடம் வீணாகிறது என்றார். போதகர் லில்லிப்பூ எங்கே என்று கேட்டார். பா சிட்டம்பாலா தொண்டையைச் செருமி, இளைஞர்கள் உள்ளுக்குள் ஏங்குவது ஒழுங்குக்குத்தான் என்று தீர்ப்புச் சொன்னார். ‘நைட் ஷிஃப்ட்’ கட்டோங்கோ, கோட்டு போட்டுக்கொண்டு பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம் ஒன்று கிடைத்தது. அதை முட்டைச் சட்டத்துக்குள் வைத்து, கரை கட்டி, பூ வைத்து ஒட்டச் சொன்னார்கள். கலூபா பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டினாள். இந்த இதழ் விற்றால்தானே அடுத்த இதழ் என்று நினைத்தாள்.

பேருந்து நிலையத்தில் பத்திரிகையை முதலில் கையில் வாங்கிய பையன் தொப்பியைக் கழற்றினான்.

“ஐயோ, யாருடா செத்தது?”

“நம்ம கட்டோங்கோ!”

“நேத்துத்தானே சாராயக் கடையில பார்த்தேன்?”

“நேத்துப் பார்த்தா? இன்னைக்கு அச்சுல வந்திருச்சே.”

பத்திரிகை நன்றாக விற்றது. வாங்கியவர்கள் எல்லோரும் அதை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, நேராகக் கட்டோங்கோ வீட்டுக்கு நடந்தார்கள். சாயங்காலத்துக்குள் பெண்கள் உள்ளே பாய் விரித்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள், ஆண்கள் வாசலில் கட்டைகளை அடுக்கி நெருப்பு மூட்டிவிட்டார்கள். சோளமாவும் முட்டைக்கோசும் கபெண்டா என்கிற பொடிமீன் கருவாடும் வந்து குவிந்தன. கலூபா ஓடிப்போய்ப் பார்த்தபோது கட்டோங்கோ துக்கக்காரர்களோடு பந்தியில் உட்கார்ந்து சோளமாவுக் களியான ன்ஷிமாவை உருட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தான். ஓர் அத்தை அவனை அதட்டிக்கொண்டிருந்தாள்.

“செத்தவன் எந்திரிச்சு உக்காந்து திங்கலாமாடா? வந்தவங்க என்ன நெனப்பாங்க?”

“நான் சாகல அத்தே.”

“நீ சொன்னா ஆச்சா? படிச்சவங்க போட்டிருக்காங்க.”

தாய்மாமன் முவாபேதான் எல்லாவற்றையும் பொறுப்பாக எடுத்துச் செய்தார். தச்சனிடம் பெட்டிக்குச் சொல்லியனுப்பினார், சனிக்கிழமை மத்தியானம் அடக்கம் என்று முடிவு செய்தார், கிட்டார் இனி யாருக்கு என்ற பேச்சையும் நாசூக்காக எடுத்தார். சனிக்கிழமை மாலையில் நல மன்றத்து மண்டபத்தில் ‘நைட் ஷிஃப்ட்’ வாசிப்பதாக இருந்தது. அதை யாரும் நினைவுபடுத்தவில்லை. கட்டோங்கோ கலூபாவைத் தனியே இழுத்துப்போய்க் கையை நீட்டினான். அவள் தொட்டுவிட்டுச் சட்டென்று விலகினாள்.

“நேரம் ஆக ஆகக் கூடுது, கலூபா. முழங்கால் மடங்க மாட்டேங்குது. நீ ஒட்டினதுதானே? நீயே பிச்சு எடு.”

வியாழக்கிழமை அவள் பா சிட்டம்பாலாவின் முன்னால் போய் நின்றாள். திருத்தம் போட வேண்டும் என்றாள். அவர் முகம் சுருங்கிவிட்டது. அச்சகம் திறந்த நாளிலிருந்து ஒரு தப்பு போட்டதில்லை, செத்தவர்கள் யாரும் இதுவரை புகார் சொன்னதில்லை என்றார். குழு அவசரமாகக் கூடியது; அச்சிட்ட சொல்லுக்குக் கட்டோங்கோ உரிய மரியாதை தர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பிறகு மனம் இளகி, “பாவம், இளவயசுப் பையன். அடக்கத்துக்கு நிகழ்ச்சிநிரலை நான் இலவசமாவே அடிச்சுத் தர்றேன்னு அவங்க மாமாகிட்டச் சொல்லு. படம் ஏற்கெனவே தயாரா இருக்கு” என்றார் பா சிட்டம்பாலா. சொல்லிவிட்டு, அச்சக உரிமையாளர் சங்கத்தின் விருந்துக்கு ண்டோலா நகரத்துக்குக் கிளம்பிப் போனார். தோளில் போர்த்தப்போகிற பட்டையைத் தானே அச்சடித்து எடுத்துக்கொண்டு போனார்.

கார் தெருமுனை திரும்பியதும் கலூபா கத்தியை எடுத்தாள். அவளிடம் கட்டோங்கோவின் இன்னொரு படம் இருந்தது: ஒத்திகை மண்டபத்தின் சிமெண்டுத் தரையில், வாய் திறந்து, தலைமுடி பனைமரம் மாதிரி விரிந்து நிற்கிற படம். முதலில் பின்னாலிருந்த சுவரை வெட்டி எடுத்தாள். அப்புறம் நாற்காலிகளை. முடிச் சுருள்களுக்குள் கத்தி முனையை நுழைத்து நுழைத்து வெளிச்சம் விழச் செய்வதற்கே பாதி நாள் போனது. கடைசியில் அவன் காலடியில் இருந்த தரையையும் வெட்டிக் குப்பைக்கூடையில் எறிந்தாள். வெறும் கட்டோங்கோ மட்டும் கையில் மிஞ்சினான். அவனைப் பக்கத்தின் குறுக்கே சாய்த்து, தலை வோல்டேஜ் என்ற எழுத்துகளை இடித்துப் பிளக்கிற மாதிரி, கிட்டாரின் கழுத்து தாளின் விளிம்பைத் தாண்டிப் போகிற மாதிரி ஒட்டினாள்.

மெஷின்காரர் சிசாலா கதவோரம் நின்று பார்த்தார்.

“முதலாளி வந்தா என் தோலை உரிச்சிருவாரும்மா.”

“உரிச்சா நான் வேற ஒட்டித் தர்றேன்ணே. மெஷினப் போடுங்க.”

கறுப்பு மை முதல் இதழின் கரைக்கே தீர்ந்துபோயிருந்தது. இருந்தவை தவக்காலக் காலண்டருக்கு வாங்கிய ஊதாவும், ஏதோ தேர்தல் சுவரொட்டியில் மிஞ்சிய ஆரஞ்சும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஓட்டினார்கள். தாள் மெஷினிலிருந்து வெளியே வந்தபோது சிசாலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். “அடேயப்பா, இது கத்துதே!” என்றார்.

சனிக்கிழமை காலை பேருந்து நிலையத்தில் புது இதழ்க் கட்டுகளை அவிழ்த்தார்கள். முதலில் ஒரு பள்ளிக்கூடப் பெண் வாங்கினாள், நடந்துகொண்டே பார்த்தாள், நின்றாள், கத்தினாள். அதற்கப்புறம் கலூபாவுக்கு மீதிச் சில்லறை கொடுக்க நேரமில்லை. “செத்தவனாடா இவன்? பாருடா, பறக்கிறான்!” என்று நடத்துநர்கள் பேருந்துக் கூரைமேல் நின்று பத்திரிகையை விரித்துக் காட்டினார்கள். சுரங்கக் குடியிருப்புகளுக்குப் போன ஒவ்வொரு வண்டியும் கை கையாகக் கட்டோங்கோவைக் கொண்டுபோனது. அதே நேரத்தில் அவன் வீட்டில் பெட்டி வந்து இறங்கியிருந்தது. அவனுக்கு அப்போது உதடு மட்டும்தான் அசைந்தது. அளவு சரியா என்று பார்க்க முவாபே நாலு பேரைக் கூப்பிட்டு அவனைத் தூக்கி உள்ளே வைத்தார். வைத்தும் அவன் உள்ளே தங்கவில்லை.

“அமுக்குங்கடா!”

“அமுக்கினா ஏறுறான் மாமா!”

“காலைப் பிடி!”

“கால் சுடுது மாமா!”

கலூபா மூச்சிரைக்க வாசலுக்கு வந்தபோது அவன் பெட்டிக்கு ஒரு முழம் மேலே, சற்றே சாய்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக மிதந்துகொண்டிருந்தான். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் மெட்டை மாற்றவே இல்லை, வேகத்தை மட்டும் கூட்டினார்கள். அது நல்ல நடனப் பாட்டாகிவிட்டது. பெட்டிக்குச் சொல்லியாச்சே என்று முவாபே புலம்பினார். “கிட்டாரைக் குடுங்க மாமா” என்றான் கட்டோங்கோ. அது ஏற்கெனவே மாமாவின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. துக்கத்துக்கு வந்த கூட்டம் அப்படியே மண்டபத்துக்குப் போனது. ஒலிபெருக்கிப் பெட்டியோடு இணைக்கிற வயர் இருந்ததால் அவன் கூரையில் போய் முட்டவில்லை. கிட்டாரின் கழுத்து நுனி மட்டும் அன்றிலிருந்து யார் கண்ணுக்கும் தெரியவில்லை, அது தாளுக்கு வெளியே போய்விட்டது. ஆனால் உச்ச சுரங்கள் எல்லாம் அங்கிருந்துதான் வந்தன. அந்த வாரம் கிட்வேயில் சோளமாவு விலையும் ஏறியது, கட்டோங்கோவும் ஏறினான். முன்னதைப் பற்றித்தான் மக்கள் அதிகம் பேசினார்கள்.

பா சிட்டம்பாலா ண்டோலாவிலிருந்து திரும்பி வந்து கொதித்தார். கலூபாவை வேலையிலிருந்து நிறுத்திவிடுவதாகச் சொன்னார். ஆனால் வாசலில் மூன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அடுத்த இதழ் எப்போது என்று கேட்டு மதிலில் ஏறி நின்றார்கள். கொதிப்பு மெல்ல இறங்கி, தரையை வெட்டுவது தன்னுடைய நீண்டநாள் யோசனை என்று அவருக்கு ஞாபகம் வந்தது. நிறுத்துவதை ஒத்திவைத்தார். ஒரு நிபந்தனை: அடுத்த அட்டையில் அவர். அதற்குப் பிறகு பூவும் கரையும் திரும்ப வரும், குழு ஒவ்வொரு பக்கத்தையும் பார்வையிடும், கலூபா சொன்னதை ஒட்டுவாள். கலூபா அவர் கொடுத்த படத்தை வாங்கிப் பார்த்தாள். படத்தில் அவர் தன் தேக்கு மேசைக்குப் பின்னால், இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

“சுவரை எடுத்துர்றேன் பா சிட்டம்பாலா. தரையையும் எடுத்துர்றேன். மேசை?”

“மேசையா? மேசை இல்லாம என்னை யாருக்கு அடையாளம் தெரியும்?”

“அது கனம். எடுத்தாதான் ஏறுவீங்க.”

“நீ வெட்டுறதை மட்டும் பாரு. என்னையும் மேசையையும் ஒண்ணா, பிசிறில்லாம வெட்டு.”

பிசிறில்லாமல் வெட்டினாள். முழங்கைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தது. அவர் சொன்னபடி அதையும் விடாமல் மூடினாள். இதழ் வெளியான அன்று பா சிட்டம்பாலா உயரே போவதற்கு வசதியாகப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். ஏறவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது மேசையும் கூட எழுந்தது.

மனைவி முதலில் சோப்பு போட்டுப் பார்த்தாள், பிறகு வெண்ணெய் தடவிப் பார்த்தாள், பிறகு மேசைக்கு ஒரு விரிப்பு தைத்தாள். ஊருக்கு அது பழகிவிட்டது. கல்யாணங்களில் அவருக்கு முன்வரிசையில் அகலமாக இடம் விட்டார்கள். ன்ஷிமாவை அவர் மேசைமேலேயே பரிமாறினார்கள், பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் தங்கள் தட்டை வைத்துக்கொண்டார்கள். சங்கத் தேர்தலில் அவர் போட்டியின்றித் தலைவரானார், மேசையோடு வருகிற ஆள் வேறு யாரும் இல்லை. ஆலோசனைக் குழு எங்கே வேண்டுமானாலும் கூடலாம் என்றானதால் தினமும் கூடியது. ஒட்டும் அறை மட்டும் மாடியில் இருந்தது, படி குறுகல், திருப்பம் வேறு. சிசாலாவும் இன்னும் மூன்று பேரும் சாய்த்துப் பார்த்தார்கள், தலைகீழாகவும் முயன்றார்கள். பா சிட்டம்பாலா படியின் பாதியைத் தாண்டவில்லை.

அதனால் வோல்டேஜ் மாதாமாதம் கலூபா நினைத்தபடியே வந்தது. எழுத்துகள் முட்டி மோதிக்கொண்டு ஓடின, பச்சையின்மேல் சிவப்பு ஏறியது, ஒரு மாதம் பக்க எண்களே சுழன்றுகொண்டிருந்தன. லுவான்ஷ்யாவிலிருந்தும் முஃபுலிராவிலிருந்தும் பிள்ளைகள் தங்கள் குழுவின் படத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள்.

“கலூபா! மூலையில ஒரே ஒரு பூவாவது வை!” என்று கீழேயிருந்து குரல் வரும்.

“என்ன சொல்றீங்க? கேக்கல!” என்பாள். நிஜமாகவே கேட்காது. மாடி ஜன்னலுக்கு வெளியே கட்டோங்கோ வயரோடு மிதந்தபடி, தந்தியை முறுக்கிக்கொண்டே, இந்தத் தடவை படத்துக்கு எந்தப் பக்கம் திரும்பட்டும் என்று கேட்டுக்கொண்டிருப்பான்.